கேரவன் சர்வீஸுக்குக் காசு கொடுப்பது தேவையா? அவசரம்

புதுசாவந்தவன்:
எல்லோருக்கும் வணக்கம். இந்த ஊருக்கு வந்து 7 வாரம் ஆகிறது. வாடகை வீடு கிடைக்கவில்லை. போகிற இடமெல்லாம் முன்பிருந்த வீட்டுக்காரரிடம் கடிதம் வாங்கி வா என்கிறார்கள், நான் யாரிடம் போய் வாங்க? கடைசியில் ஒரு பழைய கேரவனை (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) வாங்கிக் குடியேறிவிட்டோம். இப்போது மெக்கானிக் ஒருவர் முழு சர்வீஸ் செய்தே ஆக வேண்டும் என்கிறார். கேட்கிற தொகை என் ஒரு வாரச் சம்பளம். வண்டி பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. இது ஏமாற்று வேலையா? வெள்ளிக்கிழமைக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பனிமூட்டம்:
தம்பி, கேரவன் வாங்கியதே தப்பு. நான் வந்தபோது தெரிந்தவர் வீட்டு ஹாலில் 4 மாதம் படுத்திருந்தேன். இரவு வேலை முடித்து வந்தால் அவர்கள் டிவியை அணைக்கும் வரை கார் நிறுத்துமிடத்தில் நிற்பேன். அதையே தாங்கினோம். இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

ஸ்பானர்மாமா:
காசைக் கரியாக்காதே. 11 வருடமாக எல்லாம் நானேதான் செய்கிறேன். முதலில் டயரைப் பார். பக்கவாட்டில் 4 இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். கேரவன் நின்றே கிழமாகிற வண்டி. டயரின் பள்ளக்கோடுகள் தேயாமல் அப்படியே இருக்கும், ரப்பர் உள்ளுக்குள் செத்திருக்கும். 7 வருடம் தாண்டியிருந்தால் யோசிக்காமல் மாற்று. சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் 50 கிலோமீட்டர் ஓடியதும் நட்டை மறுபடி முடுக்கு. இதற்கெல்லாம் ஆள் எதற்கு?

கணக்குப்பிள்ளை:
மாமா, டயர் சரி. சுவருக்குள் இருக்கும் ஈரத்தை எதை வைத்துப் பார்ப்பீர்கள்? நானும் இப்படித்தான் 2 வருடம் சர்வீஸ் காசை மிச்சம் பிடித்தேன். மூன்றாம் வருடம் முன் ஜன்னலுக்குக் கீழே விரலை வைத்தேன், பிஸ்கட் மாதிரி உள்ளே போனது. சர்வீஸில் ஈரமானி வைத்து ஒவ்வொரு மூலையாக அளந்து எழுதித் தருவார்கள். 15 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை, 20-ஐத் தாண்டினால் எங்கிருந்து ஒழுகுகிறது என்று தேட வேண்டும். சர்வீஸ் ரசீது இல்லாவிட்டால் வாரண்டியும் போச்சு.

புதுசாவந்தவன்:
அண்ணா, வண்டி 2009 மாடல். வாரண்டி எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது.

கணக்குப்பிள்ளை:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!

பனிமூட்டம்:
இந்த ஊர் மெக்கானிக்குகளைப் பற்றி என்னிடம் கேளுங்கள். 6 வாரம் கழித்துத்தான் தேதி கொடுப்பார்கள். வந்தால் அரை மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு ரசீது நீட்டுவார்கள்.

ஸ்பானர்மாமா:
அதைத்தானே நானும் சொல்கிறேன். எனக்கு வந்த ஒருவர் பிரேக் டிரம்மைக் கழற்றவே இல்லை, சரிபார்த்ததாக டிக் மட்டும் போட்டிருந்தார். சக்கரத்தில் தூசிகூடக் கலையவில்லை!

நிறுத்திவைத்தவள்:
கொஞ்சம் எல்லோரும் நிறுத்துங்கள். தம்பி, வண்டியை இழுத்துக்கொண்டு போகப் போகிறீர்களா, ஒரே இடத்தில் வைத்துக் குடியிருக்கிறீர்களா? ஹீட்டர் கேஸா, கரண்டா?

புதுசாவந்தவன்:
ஒரே இடம்தான் அக்கா. ஹீட்டர், அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் கேஸ். ஹீட்டர் நன்றாகச் சூடாகிறது. தரையில் இருந்த ஓட்டைகள் வழியாகக் குளிர்காற்று வந்தது, துண்டு வைத்து அடைத்துவிட்டோம். காலையில் எழுந்தால்தான் மனைவிக்கும் குழந்தைக்கும் தலைவலி. புது இடத்துக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போல. வெளியே வந்தால் சரியாகிவிடுகிறது.

நிறுத்திவைத்தவள்:
தம்பி, இதைப் படித்ததும் எழுந்து போய் ஹீட்டரை அணையுங்கள். சிலிண்டரை மூடுங்கள், கதவைத் திறந்துவிட்டு மூன்று பேரும் வெளியே வாருங்கள். அந்த ஓட்டைகள் வேண்டுமென்றே வைத்தவை. கேரவன் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். அது வெளியேறத்தான் ஓட்டை. அதை அடைத்தால் உள்ளே வரும் காற்றும் குறையும். காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு வரும், அதற்கு நிறமும் இல்லை வாசனையும் இல்லை. வெளியே வந்தால் தலைவலி போகிறது என்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. இன்றே மருத்துவமனைக்குப் போய் இதை அப்படியே சொல்லுங்கள், இரத்தத்தில் சோதிப்பார்கள். யாருக்காவது மயக்கம் வந்தால் ஆம்புலன்ஸ்தான்.

ஸ்பானர்மாமா:
கேஸில் மட்டும் நானும் கை வைக்க மாட்டேன். அதற்கு ஆள் கூப்பிடு.

நிறுத்திவைத்தவள்:
மெக்கானிக்கிடம் முழு சர்வீஸ் வேண்டாம் என்று சொல்லலாம். கேஸ் சோதனை தனியாகக் கேளுங்கள். கசிவு, ரெகுலேட்டர், ஹீட்டர் புகைக்குழாய் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ரப்பர் குழாயின் மேல் தேதி அச்சிட்டிருக்கும், அதையும் காட்டச் சொல்லுங்கள். எழுத்தில் தர மறுப்பவருக்கு வேலையைக் கொடுக்காதீர்கள், கேஸ் வேலைக்கு உரிமம் உள்ளவரா என்றும் கேளுங்கள். பிரேக், கொக்கி எல்லாம் வண்டியை நகர்த்தும் முன் பார்த்தால் போதும். கார்பன் மோனாக்சைடு அலாரம் இன்றைக்கே வாங்குங்கள்.

புதுசாவந்தவன்:
ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன் அக்கா. குழந்தைக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள், பயப்பட வேண்டாம் என்றார்கள். இரவு, என்னோடு வேலை செய்பவர் வீட்டில் தங்குகிறோம். மெக்கானிக் வியாழக்கிழமை வருகிறார், கேஸ் மட்டும். துண்டுகளை எடுத்துவிட்டேன்.

பனிமூட்டம்:
அந்த வீட்டில் ஹால் பெரிதா? 4 மாதம் ஆனாலும் பரவாயில்லை, அங்கேயே இருங்கள்.

ஸ்பானர்மாமா:
குழந்தை தேறட்டும். அப்புறம் அந்த டயர் நம்பரை மட்டும் பார்த்துச் சொல்.