மூடிய கிறவல் குழியில் பச்சை தெரிந்தால் போதுமா?

குளக்கட்டு:
ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் ஊருக்குப் பின்னால் கிறவல் (வீதிக்குப் போடும் சரளை மண்) அள்ளிய காணியை மூடி மூன்று மாரி போய்விட்டது. போய்ப் பாருங்கள், நிலமே தெரியாத பச்சை. மண் அரிக்கவில்லை, மாடு மேய்கிறது. ஆனால் செடிகளை இனம் இனமாக எண்ணிக் காட்டாமல் குத்தகைக்காரர் குழியைத் திருத்துவதற்குப் பிணையாகக் கட்டிய வைப்புப் பணத்தை விடக்கூடாது என்று இங்கே சிலர் எழுதுகிறீர்கள். இதற்கு மேல் எதை எண்ணுவது?

முதிரை:
அண்ணை, அந்தப் பச்சையை எந்த மாதம் பார்த்தீர்கள்? தை மாதம் வன்னியில் தார் வீதியின் வெடிப்பிலும் புல் முளைக்கும். ஆவணியில் போங்கள்.

போன ஆவணியில் நெடுங்கேணிப் பக்கம் மூடிய குழி ஒன்றில் நின்றேன். ஒரு மீற்றர்ச் சதுரக் கம்பிச் சட்டத்தைத் தரையில் வைத்து, உள்ளே நிற்பதை எண்ணினேன். எங்கே வைத்தாலும் காய்ந்த கினிப்புல், இடையிடையே இப்பிலிப்பில் என்ற வெளியூர் மரம். புல்லை விலக்கினால் டோசர் ஏறி இறுகிய தரை, விரல் இறங்கவில்லை. அதே சட்டத்தைப் பக்கத்துக் காட்டில் வைத்தேன்: காட்டு மரமான பாலையின் கன்று இரண்டு, வீரை, காரை, கணுக்கால் மூடச் சருகு. தூரத்தில் நின்று பார்த்தால் இரண்டும் காடுதான்.

குளக்கட்டு:
தம்பி, பாலை மரமாக ஒரு தலைமுறை வேணும். அதுவரை காசைப் பிடித்து வைத்தால் ஆர் குழியை மூடுவார்? எங்கள் அயலில் மூடாத குழி ஒன்று கிடக்கிறது. மாரியில் நிரம்பி, இரண்டு மாடு இறங்கி ஏற முடியாமல் செத்தன. அடுத்தது பிள்ளைகளாக இருக்கக்கூடாது. எனக்கு மூடுவதுதான் முதல். கண்காணிக்கத்தான் வேணுமென்றால் ட்ரோன் படம் ஒன்று எடுத்தால் போதும்.

வேலியோரம்:
அண்ணை, மூடுவது முதல் என்பது சரி. அதற்கு வழி இருக்கிறது. அமெரிக்காவில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு 1977 இல் வந்த சட்டப்படி, குழியை நிரப்பிச் சமப்படுத்தி வடிகாலும் அமைத்தால் வைப்பில் 60 வீதம் வரை விடலாம். மீதி, செடிகள் நிலைத்த பிறகு. அங்கே செடிகளுக்குக் குத்தகைக்காரரின் பொறுப்பு 5 ஆண்டு. ஆண்டு மழை 26 அங்குலமோ அதற்குக் குறைவோ என்றால் 10 ஆண்டு. எங்களுக்கு அதைவிடக் கூடத்தான் பெய்கிறது, ஆனால் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டி முடிகிறது. மரமாகும்வரை காத்திருக்க ஒருவரும் சொல்லவில்லை. நட்ட கன்று அடுத்தடுத்த கோடைகளைத் தாண்டுகிறதா என்பதுதான் கேள்வி.

ட்ரோன் எவ்வளவு பச்சை என்று நன்றாகவே காட்டும். ஆனால் புல்லுக்குள் நிற்கும் முழங்கால் உயரப் பாலைக் கன்று அதில் தெரியாது. இன்னொன்று, கினிப்புல் ஆடியில் தீப்பிடித்தால் கன்றுகள் கருகும், புல் மட்டும் மழைக்கு அடியிலிருந்து திரும்பத் துளிர்க்கும். அடுத்த ட்ரோன் படமும் பச்சைதான்.

குளக்கட்டு:
காசைப் பகுதி பகுதியாகப் பிரித்து விடுவது நல்லது, அதை ஏற்கிறேன். எண்ணுவது ஆர்? கொழும்பிலிருந்து ஆள் வருமட்டும் இருக்க ஏலாது.

முதிரை:
ஊரிலேயே ஆள் இருக்கிறார்கள். விறகுக்கும் தேனுக்கும் காடேறிய பெரியவர் இலையைக் கசக்கி மணந்தே இனம் சொல்வார். குற்றி அடித்த இடங்களில், வருடாவருடம் அதே ஆவணியில், அதே கம்பிச் சட்டம், அதே கோணத்தில் ஒரு படம். இடத்தையும் மாதத்தையும் மாற்றினால் ஒப்பிடவே முடியாது. முக்கியமாக, அள்ளும்போதே மேல்மண்ணை ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். காட்டு விதையில் ஒரு பங்கு அதற்குள்தான் கிடக்கிறது.

குளக்கட்டு:
சரி, ஆவணியில் கம்பிச் சட்டத்தோடு வாரும், எங்கள் காணியில் வைத்துப் பார்ப்போம். மாடு செத்த குழியையும் காட்டுகிறேன், அதையும் எழுத வேணும்.