தங்கச்சிக்கு ஞாபகமே இல்லாத ரெண்டு மாசம்: என் போன்ல இருக்கிற வீடியோவைக் காட்டலாமா?

முசிறி அண்ணன்:

எல்லாருக்கும் வணக்கம். என் தங்கச்சிக்கு 23 வயசு. பி.காம் முடிச்சுட்டு ஒரு ஆடிட்டர் ஆபீசுல வேலை பார்த்துட்டு இருந்தா. போன ஆடியில ரெண்டு நாள் காய்ச்சல், தலைவலி. அப்புறம் ஒரு வாரம் பொட்டுத் தூக்கம் இல்லை. எதிர்வீட்டுக்காரங்க தன்னைப் போட்டோ எடுக்கிறாங்கன்னு பட்டப்பகல்ல ஜன்னலை எல்லாம் சாத்துவா. அப்பா போட்டுக் கொடுத்த காபியை அவர் கண்ணு முன்னாடியே முத்தத்துல ஊத்திட்டு, "என்னைக் கொல்லப் பார்க்கிறியா"ன்னு கேட்டா. ஒரு இடத்துல காட்டினோம், மனநோய்னு மாத்திரை எழுதி அனுப்பிட்டாங்க. பாட்டி குணசீலம் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய் 48 நாள் தங்க வைக்கலாம்னாங்க. மனசு கலங்கினவங்களை எங்க பக்கத்துல காலங்காலமா அங்கதான் கொண்டு போவோம். கிளம்பறதுக்கு முந்தின ராத்திரி ஃபிட்ஸ் வந்துடுச்சு.

மறுநாள் வாய் தானா சப்புக்கொட்டுது, ரெண்டு கையும் காத்துல சிக்கு பிரிக்கிற மாதிரி அசையுது. கூப்பிட்டா பார்வை திரும்பல. அதை நான் போன்ல எடுத்தேன், மொத்தம் 3 வீடியோ. திருச்சியில நரம்பியல் டாக்டர் ஒருத்தர் அதை ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்துட்டு, அன்னைக்கே முதுகுத்தண்டுல நீர் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார். ஆன்டி என்எம்டிஏ ரிசெப்டர் என்செஃபலைட்டிஸ்னு ஒரு மூளை அழற்சி நோய். சினைப்பையில ஒரு கட்டி, டெரடோமாவாம். அதுக்குள்ள நரம்புத் திசு இருந்திருக்கு. அதை அழிக்கக் கிளம்பின எதிர்ப்பு சக்தி மூளையையும் சேர்த்துத் தாக்கிடுச்சுன்னு டாக்டர் சீட்டுல படம் போட்டுச் சொன்னார். கட்டியை எடுத்தாங்க. ஸ்டீராய்டு, 5 நாள் ஐவிஐஜி (நரம்பு வழியா ஏத்துற எதிர்ப்புப் புரதம்), அப்புறம் எதிர்ப்பு சக்தியை அடக்குற ரிடுக்சிமாப் ஊசி வாரம் ஒண்ணா 4. ஐசியூவுல மட்டும் 38 நாள், தொண்டையில துளை போட்டு வென்டிலேட்டர்.

வீட்டுக்கு வந்து 5 மாசம் ஆச்சு. நடக்கிறா, தானா சாப்பிடுறா. பல் விளக்கப் போனா பிரஷ்ல பேஸ்ட் வெச்சுட்டு, அடுத்து என்னன்னு தெரியாம குழாயையே பார்த்துட்டு நிப்பா. சட்டுனு கோபம் வரும். அதெல்லாம் மெல்ல சரியாகும்னு டாக்டர் சொல்லிட்டார், காத்திருக்கோம்.

என் கேள்வி வேற. அவளுக்கு அந்த ரெண்டு மாசம் துளியும் ஞாபகம் இல்லை. கண்ணாடி முன்னாடி நின்னு தொண்டைத் தழும்பைத் தடவிட்டு, "இது எப்ப வந்துச்சுண்ணா?"ன்னு கேக்குறா. சொல்றேன். மறுநாளும் கேக்குறா. நான் வீடியோ எடுத்தேன்னு பாட்டி வாய் தவறிச் சொல்லிட்டாங்க, இப்ப அதைக் காட்டுன்னு நிக்கிறா. அம்மா, "அந்தக் கோலத்தைப் புள்ள பார்த்தா தாங்குமாடா, அழிச்சுடு"ன்னு அழுறாங்க. அப்பா எதுவும் பேசறதில்லை. அவ காபியை ஊத்தின நாள்லேருந்து அவர் அவளுக்குக் காபி போட்டுக் கொடுக்கிறதும் இல்லை.

காட்டலாமா, அழிச்சுடட்டுமா? இந்த வழியில வந்தவங்க யாராவது சொல்லுங்க.

மாயவரம் பெரியம்மா:

தம்பி, அம்மா சொல்றதைக் கேளுங்க. கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு. நாளைக்கு அந்தப் போன் யார் கையில கிடைக்கும்னு யாருக்குத் தெரியும்? நல்லபடியா எழுந்து வந்துட்டா, மாரியம்மனுக்கு நேர்ந்ததைச் செஞ்சுட்டு நடந்ததை மறந்துடுங்க.

பழைய ஸ்டாஃப் நர்ஸ்:

பெரியம்மாவோட பயம் எனக்குப் புரியுது. ஆனா அழிக்காதீங்க தம்பி. இந்த நோய் நூத்துல பத்துப் பன்னிரண்டு பேருக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள திரும்ப வருது. அப்படி வந்தா முதல் தடவை எப்படி ஆரம்பிச்சதுன்னு புது டாக்டருக்குக் காட்ட உங்க கையில இருக்கிறது அதுதான். ஒரு பென்டிரைவ்ல போட்டு டிஸ்சார்ஜ் சம்மரியோட பீரோவுல பூட்டி வைங்க, போன்ல வேண்டாம். மறுபடியும் தொடர்ந்து ரெண்டு மூணு ராத்திரி தூங்கலைன்னா, பேச்சு மாறினா, அடுத்த செக்கப் வரட்டும்னு இருக்காதீங்க. அன்னைக்கே டாக்டருக்குப் போன் பண்ணுங்க.

கோபத்தைப் பத்தி ஒண்ணு. ஃபிட்ஸுக்கு லெவெடிரசெட்டம் ஓடுதான்னு பாருங்க. சிலருக்கு அந்த மருந்தே எரிச்சலைக் கிளப்பும். டாக்டர்கிட்ட சொன்னா மாத்தித் தருவார். நீங்களா ஒரு வேளை கூட நிறுத்தக் கூடாது.

காட்டுறதைப் பத்தி: நான் ஐசியூவுல 20 வருஷத்துக்கு மேல இருந்தவ. டென்மார்க், ஸ்வீடன் மாதிரி நாடுகள்ல நினைவில்லாமக் கிடக்கிற நோயாளிக்காக நர்ஸுகளும் வீட்டுக்காரங்களும் தினம் ஒரு நோட்டுல எழுதி வைப்பாங்க. இன்னைக்குக் காய்ச்சல் இறங்குச்சு, இன்னைக்கு அண்ணன் வந்து தலை சீவி விட்டான், இப்படி. தேறினதும் அவங்க கையில கொடுப்பாங்க. நீங்க இப்பவும் எழுதலாம். முதல்ல எழுத்து, அப்புறம் போட்டோ, வீடியோ கடைசி.

கோவைக்காரி:

நான் பிழைச்சு வந்தவ. இதே நோய், 2016ல, எனக்கு அப்ப 19.

அண்ணா, அந்த இடம் வெறுமையா இருக்குன்னு நினைக்கிறீங்க இல்ல? எனக்கு அப்படி இருக்கல. கண்டதும் வந்து ரொம்பிக்கிச்சு. என்னைக் கிணத்துல இறக்கிக் கட்டி வெச்சாங்கன்னு ஒரு வருஷம் நம்பிட்டு இருந்தேன். எங்க அக்காவைப் பார்த்தாலே உடம்பு கூசும், கயித்தைப் பிடிச்சிருந்தது அவதான்னு. ஒருத்தர்கிட்டயும் சொல்லல. வீட்டுல எல்லாரும் என்னைக் கண்டதும் பேச்சை மாத்துவாங்களா, அப்ப நடந்தது உண்மைதான்னு முடிவு பண்ணிட்டேன். கடைசியில அக்காதான் சொன்னா: டியூபைப் பிடுங்காம இருக்க ரெண்டு கையையும் துணியால கட்டி வெச்சிருந்தாங்க, ராத்திரி பூரா கட்டுக்குள்ள விரலை விட்டு இறுகுதான்னு பார்த்துட்டு இருந்தாளாம். கயிறு வந்தது அங்கேருந்து. அன்னைக்கு ரெண்டு பேரும் அழுதோம்.

அதனால சொல்லுங்க. ஆனா இப்பவே வீடியோ வேண்டாம். இன்னைக்குச் சொன்னது நாளைக்கு அவ மனசுல நிக்குதான்னு பாருங்க. நிக்கலைன்னா ஒவ்வொரு நாளும் புதுசா அதிர்ச்சி ஆவா. நேத்து என்ன சாப்பிட்டோம், யார் வந்தாங்கன்னு அவளே சொல்ற அளவுக்கு வரட்டும். அது வரும். 2013ல வந்த பெரிய ஆய்வு ஒண்ணுல 577 பேரைச் சேர்த்தாங்க. ரெண்டு வருஷம் வரைக்கும் பார்க்க முடிஞ்சவங்கள்ல 81 சதவீதம் பேர் நல்லா தேறியிருந்தாங்க. ஒண்ணரை வருஷம் வரைக்கும் முன்னேற்றம் வந்துட்டே இருந்துச்சு. நீங்க 5 மாசத்துலதான் நிக்கிறீங்க. பிரஷ்ஷைப் பிடிச்சிட்டு நிக்கும்போது பிடுங்கி விளக்கி விடாதீங்க. "அடுத்தது வாய்"னு மட்டும் சொல்லுங்க. மீதியைக் கை செய்யும்.

எப்பவாவது காட்டினா பக்கத்துல உக்காந்து, சத்தத்தை அணைச்சுட்டு, நிறுத்துற பட்டனை அவ விரல்ல கொடுத்துக் காட்டுங்க. நான் 11 செகண்டுல நிறுத்தினேன். அதுக்கு மேல வேணும்னு தோணல.

இன்னொண்ணு. இந்த நோய்க்குப் பேரு வெச்சதே 2007லதான். அதுக்கு முன்னாடி எத்தனை பொண்ணுங்களைப் பேய்னும் பைத்தியம்னும் கட்டிப் போட்டிருப்பாங்கன்னு நினைச்சா எனக்கு இன்னைக்கும் தூக்கம் வராது. உங்க தங்கச்சியைக் காப்பாத்தினது அந்த வீடியோ. அதையும் அவகிட்ட சொல்லுங்க.

முசிறி அண்ணன்:

எல்லாருக்கும் நன்றி. அஞ்சு வாரம் கழிச்சு எழுதுறேன்.

மாத்திரையை டாக்டர் மாத்திட்டார், கோபம் பாதியா குறைஞ்சிருக்கு. பென்டிரைவ் பீரோவுல இருக்கு. அம்மாகிட்ட கோவைத் தங்கச்சி எழுதினதைப் படிச்சுக் காட்டினேன். கயித்து விஷயம் வந்ததும் அம்மா எழுந்து போய், அவ தலைமாட்டுல ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க.

நோட்டு வாங்கினேன். எனக்கு எழுத வரல, ரெண்டு வரிக்கு மேல ஓடல. அப்பதான் ஆஸ்பத்திரி பில்லு, மெடிக்கல் ஷாப் ரசீது எல்லாம் திணிச்சு வெச்சிருந்த மஞ்சப்பையை அவளே எடுத்துட்டு வந்தா. தரையில பரப்பி, தேதிவாரியா அடுக்க ஆரம்பிச்சா. முதல் நாள் பத்து ரசீதுலயே களைச்சுப் போய்ப் படுத்துட்டா. மறுநாள் விட்ட இடத்துலேருந்து அவளா தொடங்கினா. எந்த இடத்துல விட்டோம்னு என்னைக் கேக்கல. இப்ப ஒரு பக்கத்துல பில்லை ஒட்டி, எதிர்ப் பக்கத்துல "அன்னைக்கு என்ன நடந்துச்சு?"ன்னு கேட்டு அவளே எழுதுறா. ஐவிஐஜி பில்லைப் பார்த்துட்டு, "இவ்வளவு காசுக்கு என்னண்ணா பண்ணீங்க?"ன்னா. கீழ வயக்காட்டை அடமானம் வெச்சதைச் சொன்னேன். அதையும் எழுதிக்கிட்டா.

காபி விஷயத்தை அப்பாவே சொன்னார். நேத்து சாயங்காலம் டம்ளரைக் கொண்டு வந்து வெச்சுட்டு வாசப்படியிலயே நின்னார். அவ குடிச்சுட்டு, சர்க்கரை கம்மின்னா.

வீடியோவைக் காட்டுன்னு இப்ப கேக்குறதில்லை. எந்தத் தேதியில எடுத்தேன்னு மட்டும் கேட்டா. ஆகஸ்ட் 6ன்னேன். நோட்டுல அந்தத் தேதியை எழுதி, கீழ ஒரு பக்கம் காலியா விட்டு வெச்சிருக்கா.