ஜூபிடர் ஏஸ் எமுலேட்டர் பிரவுசரில்: ரோம் ஓடுகிறது, திரை மட்டும் கறுப்பாகவே நிற்கிறது

எட்டுபிட் (கேள்வி)

வணக்கம். ஜூபிடர் ஏஸுக்கு ஜாவாஸ்கிரிப்டில் ஒரு எமுலேட்டர் (இன்னொரு கணினியைப் போலவே நடந்துகொள்ளும் நிரல்) எழுதிக்கொண்டிருக்கிறேன். தெரியாதவர்களுக்கு: 1982-ல் இங்கிலாந்தில் வந்த வீட்டுக் கணினி. சின்க்ளேரின் ஸ்பெக்ட்ரம் கணினியில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஆல்ட்வாஸரும் ஸ்டீவன் விக்கர்ஸும் தனியாக வந்து செய்தது. பேசிக் கிடையாது, ரோமில் இருப்பது ஃபோர்த் என்ற நிரல்மொழி. 3.25 மெகாஹெர்ட்ஸ் இசட்80 செயலி, 8 கே ரோம், மொத்தமே 3 கே ரேம். சின்ன மெஷின், சீக்கிரம் முடித்துவிடலாம் என்று ஆரம்பித்தது.

இப்போதைய நிலை:

- இசட்80 கோர் (செயலியைப் போல நடக்கும் பகுதி) சொந்தமாக எழுதியது. இசட்80 கட்டளைகளைச் சரிபார்க்கும் ஸெக்ஸ்டாக் சோதனை முழுதும் பாஸ்.
- மெமரி 65536 பைட்டுக்கு ஒரே அர்ரே. ரோமை முகவரி 0-லிருந்து காப்பி செய்கிறேன்.
- ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃப்ரேம் (திரையைப் புதுப்பிக்கும்போது பிரவுசர் நம் ஃபங்ஷனைக் கூப்பிடும் வசதி) கூப்பிடும் ஒவ்வொரு முறையும் 65000 டி-ஸ்டேட் (செயலியின் கடிகாரத் துடிப்பு) ஓட்டுகிறேன்.
- விசைப்பலகைக்கு ஒரு ஸ்பெக்ட்ரம் எமுலேட்டரின் டேபிளை அப்படியே வைத்திருக்கிறேன்.

ஓட்டினால் கறுப்புத் திரைதான். புரோகிராம் கவுண்டரை (எந்த முகவரியில் கட்டளை ஓடுகிறது என்பதை) அச்சடித்துப் பார்த்தால் 40, 41, 42, 43, மறுபடி 40 என்று அங்கேயே சுற்றுகிறது. கோரில் கோளாறா, வேறு எங்காவதா? ஒலி, கேசட் டேப் இரண்டுக்கும் இன்னும் கை வைக்கவில்லை.

(முகவரி எல்லாம் டெசிமலில் கொடுத்திருக்கிறேன். பதிலும் அப்படியே இருந்தால் நல்லது.)

அடுக்குமுனை

கோரில் ஒன்றுமில்லை. ரோமுக்குள் எழுத முடிகிறது, அதுதான் கோளாறு.

40-ல் இருப்பது ரேம் அளவு பார்க்கும் லூப். ரோம் எழுந்ததும் எச்எல் ரெஜிஸ்டரில் (மேல் பைட் எச், கீழ் பைட் எல்) 15360, ஏ ரெஜிஸ்டரில் 252 வைத்துக்கொண்டு இங்கே குதிக்கிறது. நான்கே கட்டளை: எச்-ஐ ஒன்று கூட்டு, அந்த இடத்தில் 252-ஐ எழுது, திரும்பப் படித்து ஒப்பிடு, சமமாக இருந்தால் மறுபடி 40-க்குப் போ. அதாவது 256 பைட்டுக்கு ஒரு பைட் தொட்டுப் பார்க்கிறது. எழுதியது திரும்பி வராத இடத்தில் ரேம் முடிந்தது என்று கணக்கு.

உங்கள் அர்ரேயில் எல்லா இடத்திலும் எழுதலாம். எச் 255-ஐத் தாண்டி 0-க்கு வருகிறது, அங்கே ரோமின் முதல் பைட்டையே 252 ஆக்கிவிடுகிறது, ஒப்பிட்டால் சமம், மேலே போகிறது. எல் எப்போதும் 0 என்பதால் 0, 256, 512 என்றுதான் அடி விழும். லூப் உட்கார்ந்திருக்கும் 40 முதல் 44 வரை ஒரு கீறலும் படாது. அதனால் கிராஷும் ஆகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

ஒரே அர்ரேயை விட்டுவிட்டுப் படிப்பதற்கும் எழுதுவதற்கும் தனித்தனி ஃபங்ஷன் வையுங்கள். வரைபடம் இது:

- 0–8191: ரோம். எழுதினால் கண்டுகொள்ள வேண்டாம்.
- 8192–10239: 1 கே திரை ரேம், இரண்டு முறை தெரியும். ரோம் பயன்படுத்துவது 9216-லிருந்து. முதல் 768 பைட் திரை, மீதி 256 ஃபோர்த்தின் பேட் (தற்காலிகமாக எழுதிவைக்கும் இடம்).
- 10240–12287: 1 கே எழுத்துரு ரேம், இதுவும் இரண்டு முறை. ரோம் எழுதுவது 11264-லிருந்து.
- 12288–16383: 1 கே பயனர் ரேம், நான்கு முறை. சிஸ்டம் மாறிகள் 15360-ல் தொடக்கம்.
- 16384–32767: 16 கே கூடுதல் ரேம் வேண்டுமானால் இங்கே. இல்லையென்றால் படிக்கும்போது 255 கொடுங்கள்.

மூன்று 1 கே பகுதிக்கும் முகவரியை 1023-ஆல் ஆண்ட் செய்தால் போதும், மிரர் தானாக வந்துவிடும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க 15384, 15385 இரண்டையும் படியுங்கள். கூடுதல் ரேம் இல்லாதபோது 0, 64 (அதாவது 16384), 16 கே இருந்தால் 0, 128.

திரை வரைவது: வரிசை × 32 + பத்தி, அதோடு 9216. கிடைக்கும் குறியீட்டின் கீழ் ஏழு பிட்டை எட்டால் பெருக்கி 11264-ஓடு கூட்டினால் எட்டு பைட் வடிவம். மேல் பிட் 1 என்றால் தலைகீழ் நிறம். வடிவத்தை ஒருமுறை எடுத்துத் தனியாகச் சேமித்துவைக்காதீர்கள். ஏஸ் விளையாட்டுகள் படம் காட்டுவதே எழுத்துருவை ஓடும்போது மாற்றித்தான். ஃபோர்த்திலிருந்து 11784-ல் 255-ஐ எழுதினால், திரையில் இருக்கும் எல்லா பெரிய ‘ஏ’-வின் தலையிலும் அந்த நொடியே வெள்ளைக் கோடு விழ வேண்டும்.

இன்னொன்று. ஏஸ் எழுந்ததும் காப்பிரைட் வரியெல்லாம் காட்டாது. கறுப்புத் திரை, கீழ் இடது மூலையில் ஒரு சின்ன வெள்ளைச் சதுரம். அவ்வளவுதான். அதைப் பார்த்து இன்னும் வேலை செய்யவில்லை என்று நினைத்துக் கோரைப் பிரிக்க வேண்டாம்!

எட்டுபிட்

நன்றி, சதுரம் வந்துவிட்டது. 15384-ல் 0, 64. ஆனால் இசட் அழுத்தினால் சிம்பல் ஷிஃப்ட் போல நடந்துகொள்கிறது, வேகமாகத் தட்டினால் எழுத்து விழுங்குகிறது, + ஒருமுறை அழுத்தினால் சில நேரம் ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் எல்லாம் பறக்கிறது.

கீழ்வரிசை

இது முழுக்க பிரவுசர் பக்கத்துச் சிக்கல். ஒவ்வொன்றாக.

இசட்: ஏஸ், ஸ்பெக்ட்ரம் இரண்டிலும் விசைகளைப் படிப்பது போர்ட் 254-ல்தான், மேல் எட்டு முகவரிக் கம்பிகளில் எது 0-வோ அந்த அரைவரிசை (ஐந்து விசை). ஆனால் கீழ்வரிசை வேறு. ஸ்பெக்ட்ரமில் சிம்பல் ஷிஃப்ட் ஸ்பேஸுக்குப் பக்கத்தில், ஏஸில் அது ஷிஃப்டுக்குப் பக்கத்தில். ஆகவே மேல் பைட் 254-க்கு பிட் 0-லிருந்து ஷிஃப்ட், சிம்பல் ஷிஃப்ட், இசட், எக்ஸ், சி. 127-க்கு ஸ்பேஸ், எம், என், பி, வி. மற்ற ஆறும் ஸ்பெக்ட்ரம் போலவே. ஒரே நேரத்தில் பல கம்பிகள் 0 ஆக இருக்கலாம், அப்போது அந்த வரிசைகளை எல்லாம் ஆண்ட் செய்து கொடுங்கள்.

எழுத்து விழுங்குவது: ரோம் விசையைப் பார்ப்பது 50 ஹெர்ட்ஸ் இன்டரப்டில் (ஃப்ரேமுக்கு ஒருமுறை செயலியை இடைமறிக்கும் சிக்னல்) மட்டும். கீடவுனும் கீஅப்பும் அதற்குள் முடிந்துவிட்டால் அதற்குத் தெரியவே தெரியாது. அழுத்திய விசையைக் குறைந்தது மூன்று ஃப்ரேமாவது பிடித்து வைத்துவிட்டு விடுங்கள்.

+ ஓயாமல் வருவது: ஏஸில் + என்றால் சிம்பல் ஷிஃப்டும் கே-யும். பிரவுசரில் அது ஷிஃப்டும் சமக்குறியும். கை முதலில் ஷிஃப்டை விட்டால், கீஅப்பில் வருவது + அல்ல, =. உங்கள் டேபிளில் + அழுந்தியபடியே கிடக்கும். கீடவுனில் எந்த ஏஸ் விசைகளை அழுத்தினீர்கள் என்பதை ஈவென்ட்டின் ‘கோட்’ மதிப்போடு சேர்த்துக் குறித்துவைத்து, கீஅப்பில் அந்தக் குறிப்பைப் பார்த்தே விடுவியுங்கள். குறியீடுகளை அனுப்பும் நேரத்தில் நிஜ ஷிஃப்டை மறைக்கவும் வேண்டும், இல்லையென்றால் இரண்டு ஷிஃப்டும் சேர்ந்து போய்விடும். பிரவுசர் டேப் மாறினால் கீஅப் வரவே வராது, அதனால் விண்டோ ப்ளர் ஆனதும் எல்லாவற்றையும் விடுவித்துவிடுங்கள்.

எழுத்து விசைகளுக்கு ‘கீ’ மதிப்பை நம்பாதீர்கள். நம்மில் பலர் தமிழ்99 போட்டபடியே உட்கார்ந்திருப்போம், ‘கீ’-யில் தமிழ் எழுத்துதான் வரும். ‘கோட்’ விசையின் இடத்தைச் சொல்வது, மொழி மாறினாலும் மாறாது. ஆண்ட்ராய்டின் தொடுதிரை விசைப்பலகையில் இரண்டும் உருப்படியாக வராது. போனுக்கு 40 பொத்தான் கொண்ட சொந்த விசைப்பலகை வரைவதே நிம்மதி.

வேகம்: ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃப்ரேம் மானிட்டரின் வேகத்தில் கூப்பிடும், ஏஸின் வேகத்தில் அல்ல. 60 ஹெர்ட்ஸிலேயே உங்களுடையது 20 சதவீதம் வேகம். ஒரு ஃப்ரேமுக்கு 312 கோடு × 208 = 64896 டி-ஸ்டேட், அதாவது 19.968 மில்லிசெகண்ட். கழிந்த நேரத்தைச் சேர்த்துக்கொண்டே வந்து, 19.968 சேரும்போதெல்லாம் ஒரு ஃப்ரேம் ஓட்டி அதைக் கழியுங்கள். சேர்த்தது 100 மில்லிசெகண்டைத் தாண்டினால் வெட்டிவிடுங்கள். பத்து நிமிடம் கழித்து பிரவுசர் டேபுக்குத் திரும்பும்போது பிரவுசர் உறையாமல் இருக்க அதுதான் காப்பு.

ஃப்ரேமுக்கு ஒரு இன்டரப்ட். அது தடுக்கப்பட்ட நேரத்தில் வந்தால் பிறகு கொடுக்கலாம் என்று சேமித்துவைக்க வேண்டாம், போனது போனதுதான். சரிபார்க்க 15403 @ . என்று இருமுறை அடியுங்கள். அது ஃப்ரேம் எண்ணி, வினாடிக்கு சுமார் 50 கூட வேண்டும்.

அடுக்குமுனை

விட்டுப்போன இரண்டு.

ஒலி: போர்ட் 254-ஐப் படித்தால் ஸ்பீக்கர் ஒரு பக்கம், எழுதினால் மறுபக்கம். ஸ்பீக்கரைப் பொறுத்தவரை எழுதும் மதிப்புக்கு அர்த்தமில்லை. எந்த டி-ஸ்டேட்டில் மாறியது என்று குறித்து, ஒவ்வொரு சாம்பிளுக்கும் அந்த இடைவெளியின் சராசரியை எடுங்கள். சும்மா கடைசி நிலையை எடுத்தால் மேல் ஸ்தாயியில் கரகரக்கும். 48000-க்கு ஒரு சாம்பிள் 67.7 டி-ஸ்டேட். இதை 67 என்று முழு எண்ணாக்கினால் வினாடிக்கு 500 சாம்பிள் மிஞ்சும், ஒரு நிமிடத்தில் ஒலி அரை வினாடிக்கு மேல் பின்தங்கிவிடும். பின்னத்தை அப்படியே வைத்திருங்கள். 48000 என்றும் எழுதிவைக்க வேண்டாம், ஆடியோ கான்டெக்ஸ்ட் சொல்லும் சாம்பிள் ரேட்டையே எடுங்கள். ஒரு கிளிக் அல்லது விசைக்குப் பிறகே அதைத் தொடங்க முடியும். ஆடியோ வொர்க்லெட் எச்டிடிபிஎஸ்-லும் லோக்கல்ஹோஸ்டிலும்தான் கிடைக்கும்.

கேசட் டேப்: ஏஸ் டேப் கோப்புகளின் பின்னொட்டும் ஸ்பெக்ட்ரமின் ‘டாப்’தான், உள்ளே வேறு. இரண்டு பைட் நீளம் (சிறியது முன்னே), தரவு, கடைசியில் செக்ஸம் (பிழை பார்க்கும் பைட்). ஸ்பெக்ட்ரம் கோப்பில் தரவுக்கு முன் இருக்கும் ஃப்ளாக் பைட் இதில் இல்லை. ஏஸ் ஹெடர் 25 பைட், செக்ஸத்தோடு 26. கோப்பின் முதல் பைட் 26 என்றால் ஏஸ், 19 என்றால் யாரோ ஸ்பெக்ட்ரம் கோப்பை இழுத்துப் போட்டிருக்கிறார்கள். அப்போதே ஒரு எச்சரிக்கை காட்டிவிடுங்கள்.