வெளியில் திறக்கும் வீட்டு சர்வர் வீட்டு வைஃபையில் திறக்கவில்லை, உதவி தேவை

கேள்வி (சுங்கை சிப்புட், பேராக்)

வணக்கம். எங்கள் ரப்பர் தோட்டம் துண்டாடப்பட்டு லயத்து வீடுகள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) இடிபட்ட பிறகு, அங்கிருந்த குடும்பங்கள் ஈப்போ, கிள்ளான், சிங்கப்பூர் என்று போய்விட்டன. அவர்களிடம் வாங்கி ஸ்கேன் செய்த பழைய படங்களை வீட்டில் ஒரு சின்ன சர்வரில் வைத்திருக்கிறேன். ரப்பர் பால் நிறுக்கிற ஸ்டோர், ஆயாக் கொட்டகை (வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), தீமிதி என்று எல்லாம் இருக்கிறது. டக்டிஎன்எஸ்ஸில் (மாறும் வீட்டு ஐபி முகவரிக்கு நிலையான பெயர் தரும் சேவை) இலவசப் பெயர் எடுத்து, ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்ட் (வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே சர்வருக்குத் தள்ளும் அமைப்பு) போட்டிருக்கிறேன். போர்ட், அதாவது இணைப்பு நுழையும் வாசல் எண், வெளியே 8443, உள்ளே 443. சர்வரின் உள் முகவரி 192.168.0.50.

சிங்கப்பூர் அத்தைக்கு உடனே திறக்கிறது. என் ஹேண்ட்போனில் டேட்டா போட்டாலும் திறக்கிறது. வீட்டு வைஃபைக்கு மாறினால் சுற்றிக்கொண்டே இருந்து நின்றுவிடுகிறது. அம்மாவின் டேப்லெட்டில் வைஃபை மட்டும்தான். படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று சொல்ல இப்போது அம்மாவை விட்டால் ஆளில்லை. 192.168.0.50 என்று நேராக அடித்தால் பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறது, அம்மா பயந்து மூடிவிடுகிறார். ஒரே முகவரி எல்லா இடத்திலும் திறக்க வழி உண்டா? சிசிடிவி ரெக்கார்டரிலும் (போர்ட் 8000) இதே கதைதான்.

பதில் (ஈப்போ)

தம்பி, அத்தைக்குத் திறக்கிறது என்றால் சர்வர், போர்ட், பெயர் மூன்றும் சரி. உங்களுக்குச் சொந்தப் பொது ஐபி இருப்பதும் அதிலேயே தெரிகிறது. ரவுட்டரின் வான் (WAN, இணையப் பக்கத்து) முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் அது பல வீடுகள் பங்கிடும் முகவரி, வெளியிலிருந்து யாருக்குமே திறந்திருக்காது.

சிக்கல் பதில் திரும்புகிற பாதையில். டேப்லெட் 192.168.0.20 என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பொது ஐபியைத் தேடி ரவுட்டருக்குப் போகிறது. ரவுட்டர் சேருமிடத்தை 192.168.0.50 என்று மாற்றி சர்வருக்குத் தள்ளுகிறது. அனுப்பியவர் முகவரி மட்டும் 192.168.0.20 ஆகவே நிற்கிறது. சர்வர் பார்க்கிறது: பக்கத்து ஆள்தானே! ரவுட்டரைத் தொடாமல் நேரே பதில் கொடுத்துவிடுகிறது. டேப்லெட் பொது ஐபியிடம் கேட்டது, பதிலோ 192.168.0.50 இலிருந்து வருகிறது. ஆபீஸ் கிராணியிடம் (எழுத்தரிடம்) கொடுத்த மனுவுக்கு முன்பின் தெரியாத ஆள் பதில் கொண்டுவந்தால் வாங்குவோமா? டேப்லெட்டும் வாங்காது. பதில் ரவுட்டர் வழியாகவே திரும்ப, அனுப்பியவர் முகவரியையும் ரவுட்டர் தன்னுடையதாக மாற்ற வேண்டும். இதற்கு நாட் லூப்பேக் அல்லது ஹேர்பின் நாட் என்று பெயர். சில ரவுட்டரில் அதற்கு ஒரு டிக் இருக்கும், சிலதில் தானாகவே வேலை செய்யும், சிலதில் அறவே கிடையாது.

கேட்டவர்

விளக்கத்துக்கு நன்றி அண்ணே. எல்லா மெனுவும் பார்த்துவிட்டேன், அப்படி ஒரு டிக் இல்லை. இது இன்டர்நெட் கம்பெனி கொடுத்த ரவுட்டர். புதிது வாங்குவதுதான் வழியா?

பதில் (கிள்ளான்)

வாங்காதீங்க தம்பி. லூப்பேக் இருந்தாலும் நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். வீட்டுக்குள் பத்தடி தூரத்தில் இருக்கும் சர்வருக்கு எல்லாப் படமும் ரவுட்டரைச் சுற்றித்தான் போகும். சர்வர் பதிவேட்டிலும் வீட்டு ஆட்கள் எல்லாரும் ரவுட்டர் ஐபியாகவே தெரிவார்கள். ஃபெயில்டூபேன் (தப்பான பாஸ்வேர்ட் அடிக்கும் ஐபியைத் தடுக்கும் நிரல்) மாதிரி ஏதாவது ஓடினால், ஒருவர் பாஸ்வேர்டைச் சில தடவை தப்பாக அடித்தாலே வீடு முழுக்க முடங்கிவிடும்.

பெயரைக் கேட்டால் ஐபியைச் சொல்வது டிஎன்எஸ். அது வீட்டுக்குள் ஓர் ஐபியையும் வெளியே வேறோர் ஐபியையும் சொல்லும்படி வையுங்கள். பழைய ராஸ்பெரி பை (கையடக்கக் குட்டிக் கணினி) இருந்தால் பை-ஹோல் (வீட்டுக்கான டிஎன்எஸ் நிரல்) போட்டு, லோக்கல் டிஎன்எஸ் ரெக்கார்டில் உங்கள் டக்டிஎன்எஸ் பெயருக்கு நேரே 192.168.0.50 என்று எழுதுங்கள். ரவுட்டரின் டிஎச்சிபியில் (சாதனங்களுக்கு ஐபி வழங்கும் பகுதியில்) டிஎன்எஸ்ஸாக பையின் ஐபியைக் கொடுங்கள். இரண்டாவது டிஎன்எஸ் கட்டத்தில் 8.8.8.8 (கூகிளின் பொது டிஎன்எஸ்) போடவே கூடாது. சில சாதனங்கள் அதைக் கேட்டு மறுபடி பொது ஐபியை வாங்கிக்கொள்ளும், ஒரு நேரம் திறக்கும், ஒரு நேரம் திறக்காது, காரணம் தேடியே அலுத்துவிடுவீர்கள். ஆண்ட்ராய்டில் பிரைவேட் டிஎன்எஸ்ஸில் வேறு சர்வர் பெயர் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

சர்வருக்கும் பைக்கும் நிலையான ஐபி கட்டாயம். நம்ம ஊர் சாயங்கால இடிமழையில் கரண்ட் போய் வந்து முகவரி மாறினால், பை விஷயத்தில் வீட்டில் எந்தத் தளமும் திறக்காது.

கேட்டவர்

அக்கா, செய்தேன். வைஃபையில் பெயரைப் போட்டு பிங் செய்தால் (சாதனம் பதில் தருகிறதா என்று சோதித்தால்) இப்போது 192.168.0.50 வருகிறது. ஆனால் தளம் "இணைப்பு மறுக்கப்பட்டது" என்கிறது. முன்பு மாதிரி சுற்றவில்லை, உடனே மறுக்கிறது.

பதில் (கிள்ளான்)

உடனே மறுப்பது நல்ல அறிகுறி, ஆள் சர்வர் வாசல்வரை போய்விட்டார். முகவரியின் கடைசியில் :8443 இருக்கிறதல்லவா? அதை 443 ஆக்கிக்கொடுத்தது ரவுட்டர். இப்போது ரவுட்டர் நடுவில் இல்லை, சர்வரில் 8443இல் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. டிஎன்எஸ் ஐபியை மட்டும்தான் சொல்லும், போர்ட்டை மாற்றாது. சர்வரை 8443இலும் கேட்க வைத்து, ஃபார்வர்டையும் 8443க்கு 8443 என்று மாற்றுங்கள். சான்றிதழ் (தளம் உண்மையானது என்று பிரவுசருக்குக் காட்டும் அத்தாட்சி) பெயரைத்தான் பார்க்கும், போர்ட்டைப் பார்க்காது. வெறும் ஐபியில் போனபோது எச்சரிக்கை வந்ததற்கும் அதுதான் காரணம்.

கேட்டவர்

திறந்துவிட்டது! வைஃபை, டேட்டா இரண்டிலும் ஒரே முகவரி, எச்சரிக்கையும் இல்லை. அம்மா ஸ்டோர் படத்தைப் பெரிதாக்கி, தராசுக்குப் பக்கத்தில் வாளியோடு நிற்பது தன் சித்தி என்றார். இதுவரை அந்தப் படத்தின் கீழே பெயர் தெரியாது என்றுதான் எழுதியிருந்தேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ரெக்கார்டருக்கும் இதேபோல் செய்யலாமா?

பதில் (ஈப்போ)

ரெக்கார்டருக்கு வேண்டாம் தம்பி. அந்த 8000 ஃபார்வர்டை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். 2016இல் மிராய் என்ற நிரல் தொழிற்சாலை பாஸ்வேர்டோடு இணையத்தில் திறந்துகிடந்த கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் கூட்டம்கூட்டமாகப் பிடித்துப் பெரிய தளங்களை முடக்கியது. இன்றும் திறந்த போர்ட்டைத் தேடித் தட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அந்தப் பையிலேயே வயர்கார்ட் (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான விபிஎன்) போடுங்கள், அதற்கு யுடிபி வகைப் போர்ட் 51820 ஒன்றை மட்டும் திறந்தால் போதும். ஹேண்ட்போனில் வயர்கார்டை இயக்கினால் வெளியிலிருந்தும் ரெக்கார்டரின் உள் ஐபியிலேயே பார்க்கலாம். ஒன்று மட்டும் கவனம்: நீங்கள் போகிற இடத்து வைஃபையும் 192.168.0 வரிசையில் இருந்தால் இரண்டும் மோதும். வீட்டு வரிசையை 192.168.47 மாதிரி அதிகம் புழங்காத ஒன்றுக்கு மாற்றி, பை-ஹோல் ரெக்கார்டையும் ஃபார்வர்டையும் அதற்கேற்பத் திருத்திவிடுங்கள்.