ஆப்பிள் சாற்றில் மால் டி 1 (ஆப்பிளின் முக்கிய ஒவ்வாமைப் புரதம்) இருக்கிறது, ஐஜிஇ (ஒவ்வாமை ஆன்டிபாடி) அதைப் பிடிக்கவில்லை

பிர்ச் மர மகரந்த ஒவ்வாமை உள்ளவர்களின் ஐஜிஇ மால் டி 1-ஐயும் பிடிக்கும்; அவர்களின் சீரத்தில் இன்ஹிபிஷன் எலைசா (கலக்கும் சாறு, தட்டில் ஐஜிஇ ஒட்டுவதை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் சோதனை) செய்கிறோம். தட்டில் பூசியது ரீகாம்பினன்ட் (மரபணுப் பொறியியலில் தயாரித்த) மால் டி 1. அதையே கலந்தாலும், பிர்ச் மகரந்தச் சாறு கலந்தாலும் 80 சதவீதத்துக்கு மேல் தடுப்பு வருகிறது. ஆக, சீரத்தில் குறையில்லை. எங்கள் ஆப்பிள் சாறு மட்டும், மில்லிக்கு 100 மைக்ரோகிராம் புரதம் போட்டும் 10 சதவீதத்தைத் தாண்டவில்லை.

இத்தனைக்கும் ஜெல்லில் மால் டி 1-க்குரிய 17 கிலோடால்டன் பட்டை தெரிகிறது. (புரதத்தின் மடிப்பைக் குலைத்துக் காட்டும் ஜெல், ஐஜிஇ பிடிக்கும் வடிவம் மிஞ்சியதா என்பதற்கு அதை நம்பிப் பயனில்லை.)

தோலோடு அரைத்தது, 4 டிகிரி, பாஸ்பேட் பஃபர் பிஎச் 7, 2 சதவீதம் பிவிபிபி (பாலிஃபீனாலைப் பிடித்து நீக்குவது), 2 மில்லிமோலார் இடிடிஏ (உலோக அயனிகளைக் கட்டுவது). பிறகு டயாலிசிஸ், உறையவைத்து உலர்த்தல். பழுப்பாக்கும் நொதியைத் தடுக்கும் டைஎத்தில்டைதயோகார்பமேட் 10 மில்லிமோலார் சேர்த்ததில் பழுப்பு குறைந்தது, தடுப்பு ஏறவில்லை. அதனால் பாலிஃபீனாலைவிட உலர்த்தல் மேல்தான் சந்தேகம்.

உலர்த்தாமல், மைனஸ் 20 டிகிரி அசிட்டோன் பொடி முறைக்கு (குளிர்ந்த அசிட்டோனில் அரைத்துப் பொடியாக்கி, அதிலிருந்து சாறு எடுப்பது) மாறினால் ஐஜிஇ பிணைப்பு மிஞ்சுமா?