கெர்னல் நினைவகம்: 'கேட்டுட்டுப் படிச்சா போதும்' கோஷ்டிக்கு

ரிங்_பூஜ்யம்:
பக்கத்து இழையில் நம்ம நீலத்திரை_நேசன் அருளியது: "கெர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட மையம்) நினைவகத்தைப் பத்திரமா படிக்க ஒரே வரி போதும். விண்டோஸோட எம்எம்-இஸ்-அட்ரஸ்-வேலிட் ஃபங்ஷனைக் கூப்பிடு. ஆமாம்னா படி, இல்லைன்னா விடு. 2024 ஜூலையில் கிரவுட்ஸ்ட்ரைக் (பாதுகாப்பு மென்பொருள் கம்பெனி) 85 லட்சம் விண்டோஸ் மெஷினைப் படுக்க வச்சதே இந்த வரி இல்லாததாலதான்." கீழே 'சூப்பர் சார்', 'சேவ் பண்ணிட்டேன் சார்' வேற. புதுசா டிரைவர் (கெர்னலுக்குள்ள ஓடுற புரோகிராம்) எழுத வர்ற பசங்க இதை அப்படியே காப்பியடிப்பாங்களேங்கிற வயித்தெரிச்சல்லதான் தனி இழை.

அந்த ஃபங்ஷன் சொல்றது, 'இந்த நிமிஷம் இந்த முகவரியைத் தொட்டா பேஜ் ஃபால்ட் (அங்க நினைவகப் பக்கம் இல்லைங்கிற பிழை) வராது' என்பதை மட்டும். நீங்க அடுத்த வரிக்குப் போறதுக்குள்ள பிராசஸரோட இன்னொரு கோர்ல ஓடுற த்ரெட் அந்தப் பக்கத்தை விடுவிச்சா? பக்செக் 50-ங்கிற பிழை எண்ணோட மெஷின் விழும், நீலத்திரை. இதைப் பயன்படுத்தப் பரிந்துரைக்கலைன்னு மைக்ரோசாஃப்ட் ஆவணத்திலேயே இருக்கு. படிச்சா தெரியும்.

நீலத்திரை_நேசன்:
வாங்க வாங்க. ஸ்பின்லாக் இழையில் வாங்கிக் கட்டிக்கிட்டது இன்னும் ஆறலை போல. ஒரே கேள்வி. கிரவுட்ஸ்ட்ரைக்கோட ஃபால்கன் டிரைவர் விழுந்தது மேப் ஆகாத (பின்னால் நினைவகமே இல்லாத) முகவரியில். அதுக்கு முன்னாடி எம்எம்-இஸ்-அட்ரஸ்-வேலிட் கூப்பிட்டிருந்தா என்ன சொல்லியிருக்கும்? ஆமாமா, இல்லையா?

ரிங்_பூஜ்யம்:
அங்கேயும் ஒரு சோதனை இருந்துச்சு சார். மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட டம்ப் (விழுந்த நேரத்து நினைவகப் பதிவு) அலசலைப் பாருங்க. ஆர்8 ரெஜிஸ்டர் (பிராசஸரோட சின்ன சேமிப்பிடம்) பூஜ்யமான்னு பார்க்குது, பூஜ்யம் இல்லைன்னதும் அதையே முகவரியா வச்சுப் படிக்குது, விழுது. கேட்டுட்டுத்தான் செத்துச்சு. 20 இன்புட் கொடுத்த இடத்தில் 21-ஆவதைத் தேடிப் போய், வரிசைக்கு வெளியே கிடந்த குப்பையை பாயின்டர்னு (முகவரின்னு) நம்பினதுதான் கோளாறு. அந்தக் குப்பை தற்செயலா மேப் ஆன ஒரு முகவரியா அமைஞ்சிருந்தா உங்க ஃபங்ஷன் 'ஆமாம்'னு தலையாட்டியிருக்கும். மெஷின் விழாது, தப்பான தரவை வச்சு முடிவெடுக்கும். அப்புறம் அந்தக் கம்பெனி சேர்த்த திருத்தம் என்ன? வரிசையின் எல்லைச் சோதனை. உங்க ஒரு வரி இல்லை.

நீலத்திரை_நேசன்:
இவ்வளவு பெரிய பத்தி, ஆனா ஆமாம்/இல்லை மட்டும் வரலை. நான் கேட்டது அன்னைக்கு, அந்த முகவரிக்கு. 'இல்லை'ன்னு சொல்லியிருக்கும், விமானம் பறந்திருக்கும். முடிஞ்சுது. ஹெல்மெட் போட்டவனும் சாகலாம், அதுக்காக ஹெல்மெட்டே வேண்டாம்பீங்களா?

சும்மா_வந்தவன்:
குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். 'பத்திரமா'ன்னு ரெண்டு பேரும் எதைச் சொல்றீங்க? மெஷின் விழக்கூடாதா, கிடைக்கிற மதிப்பு சரியா இருக்கணுமா, இல்லை அனுமதி இல்லாதவன் படிக்கக்கூடாதா? 2018-ல் வந்த மெல்ட்டவுன் (பிராசஸர் ஓட்டை) மூணாவது வகைதானே?

ரிங்_பூஜ்யம்:
மெல்ட்டவுனை எல்லாம் இங்க இழுக்காதீங்க தம்பி. பேச்சு எம்எம்-இஸ்-அட்ரஸ்-வேலிட் பத்தி.

நேசன் சாருக்கு: அது ரெண்டு பக்கமும் ஏமாத்தும். பேஜ்டு பூல்ல (டிஸ்க்குக்கு நகர்த்தக்கூடிய கெர்னல் நினைவகம்) இருக்கிற நல்ல தரவு, டிஸ்க்குக்குப் போயிருந்தா 'இல்லை'ங்கும். தொட்டிருந்தா விண்டோஸே எடுத்துக் கொடுத்திருக்கும். அடுத்து, 'ட்ரை-எக்ஸெப்ட்ல (பிழையைப் பிடிக்கிற கோடு) சுத்திட்டா போச்சு'ன்னு ஒருத்தர் கிளம்புவார், தெரியும். அது யூசர் பக்க (சாதாரண புரோகிராம்களோட) முகவரிக்குத்தான் கைகொடுக்கும். கெர்னல் பக்கத்துச் செல்லாத முகவரியைத் தொட்டா எக்ஸெப்ட் வரைக்கும் வராது, நேரா நீலத்திரை.

லினக்ஸ் இதை ஒழுங்கா செஞ்சிருக்கு. காப்பி-ஃப்ரம்-கெர்னல்-நோஃபால்ட்ங்கிற ஃபங்ஷன். 5.8-க்கு முன்னாடி ப்ரோப்-கெர்னல்-ரீட்னு பேர். பக்கம் இருக்கான்னு கேட்காது, நேரா படிக்கும். ஃபால்ட் வந்தா, ஃபால்ட் ஹேண்ட்லர் எக்ஸெப்ஷன் டேபிள்ல அந்த இன்ஸ்ட்ரக்‌ஷனோட முகவரியைத் தேடும், பக்கத்தில் எழுதியிருக்கிற மீட்பு இடத்துக்குத் தாவும், கூப்பிட்டவனுக்கு ஈஃபால்ட்ங்கிற பிழை எண் திரும்பும். கேட்கிறதுக்கும் படிக்கிறதுக்கும் நடுவில் இடைவெளியே கிடையாது. ஈபிபிஎஃப்ல (கெர்னலுக்குள்ள சின்ன புரோகிராம் ஓட்டுற வசதி) ப்ரோப்-ரீட்-கெர்னல் ஓடுறதும் இதன் மேலதான்.

நீலத்திரை_நேசன்:
அட, நோஃபால்ட்டோட சோர்ஸைத் திறந்து முதல் வரியைப் படிங்க ஐயா. 'நோஃபால்ட்-அலௌட்'னு ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டு, இல்லைன்னா அங்கேயே திருப்பி அனுப்புது! கேட்டுட்டுப் படிக்கிறது பாவம்னு இவ்வளவு நேரம் பிரசங்கம் பண்ணவர் கும்பிடுற சாமியே முதல் வரியில் கேட்டுட்டுத்தான் படிக்குது. இதுக்கு என்ன சொல்றீங்க?

துரு_பிடித்தவன்:
ரஸ்ட் மொழியில் எழுதியிருந்தா இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ரிங்_பூஜ்யம்:
@துரு_பிடித்தவன் ஒவ்வொரு இழையிலும் இதே வரி. வரிசை எல்லையைத் தாண்டினா ரஸ்ட் பேனிக் ஆகும் (ஓட்டத்தையே நிறுத்திடும்). கெர்னலுக்குள்ள பேனிக் ஆனா மெஷின் என்ன ஆகும்? ரா பாயின்டர்னா அன்சேஃப்ல (ரஸ்ட் உத்தரவாதம் தராத பகுதி) போட்டுத்தான் படிக்கணும். அங்க ஃபால்ட் வந்தா ரஸ்ட் ஓடி வந்து கையைப் பிடிக்குமா?

துரு_பிடித்தவன்:
கெட் ஃபங்ஷன்னு ஒண்ணு இருக்கு. பேனிக் ஆகாது, ஆப்ஷன் (மதிப்பு, இல்லைன்னா 'எதுவும் இல்லை') தரும். சி-யைத் தாண்டி எதையும் படிக்க மாட்டேன்னு விரதம் இருக்கிறவங்ககிட்ட பேசிப் பிரயோஜனமில்லை.

ரிங்_பூஜ்யம்:
நேசன் சார், 'அலௌட்' பார்க்கிறது பக்கம் இருக்கான்னு இல்லை. முகவரியோட எண்ணை மட்டும் பார்க்குது: கெர்னல் பாதியில் விழுதா, எக்ஸ்86-ல் (இன்டெல் வகை பிராசஸர்) கெனானிக்கலா (பிராசஸர் ஏத்துக்கிற வடிவமா) என்கிற மாதிரி. கெனானிக்கல் இல்லாத முகவரிக்கு பேஜ் ஃபால்ட் வராது, ஜெனரல் ப்ரொடெக்‌ஷன் ஃபால்ட் வரும், அதுக்காக வச்ச வேலி அது. வேற கோர் என்ன செஞ்சாலும் ஒரு எண் கெர்னல் பாதியிலிருந்து யூசர் பாதிக்கு நகராது. நீங்க கேட்கிற கேள்விக்குப் பதில் நொடிக்கு நொடி மாறும், இதுக்கு மாறாது. இது புரியாமலா டிரைவர் எழுதி சர்ட்டிஃபிகேட் வாங்கினீங்க?

நீலத்திரை_நேசன்:
ஆக, கேட்குது. ஒத்துக்கிட்டதுக்கு நன்றி. சர்ட்டிஃபிகேட் பத்தி, ஒரு டிரைவரையாவது சந்தைக்கு அனுப்பினவங்க பேசட்டும்.

கோர்டம்ப்_அக்கா:
ரெண்டு பேர் வழியும் ஒரே இடத்தில் ஓட்டை. மேப் ஆன முகவரியெல்லாம் ரேம் இல்லை. ஐஓரீமேப் பண்ணின (சாதனத்தை நினைவக முகவரியில் காட்டுற) இடத்துக்குப் பின்னால் சாதனத்தோட ரெஜிஸ்டர் இருக்கும். இன்டெல் இ1000 நெட்வொர்க் கார்டில் இன்டரப்ட் காஸ் ரெஜிஸ்டரைப் (கார்டு எதுக்குக் கூப்பிட்டதுன்னு சொல்றது) படிச்சாலே அழிஞ்சுடும். நீங்க சும்மா எட்டிப் பார்த்தீங்க, டிரைவருக்கு வரவேண்டிய சேதி போச்சு. நேசனோட ஃபங்ஷன் 'ஆமாம்'ங்கும். நோஃபால்ட்டும் படிச்சுட்டு பூஜ்யம் திருப்பும், அதாவது வெற்றி. எந்த ஃபால்ட்டும் வரலையே! கேகோர் (ஓடுற லினக்ஸ் கெர்னல் நினைவகத்தை ஃபைலா காட்டுறது) எழுதினவங்களுக்கு இது தெரியும். வீமாலாக்ங்கிற கெர்னல் முகவரிப் பகுதியில் ஐஓரீமேப் வந்தா தொடாம பூஜ்யத்தை நிரப்பிக் கொடுக்குது. அதனாலதான் ஓடுற கெர்னலைப் பார்க்கணும்னா கேகோர் வழியா பாருங்கன்னு சொல்றேன்.

ரிங்_பூஜ்யம்:
அக்கா, அது வேற பிரச்சினை. ஐஓ முகவரியை எவன் போய்ப் படிக்கச் சொன்னான்?

கோர்டம்ப்_அக்கா:
21-ஆவது இன்புட்டை எவன் படிக்கச் சொன்னான்? தெரியாத பாயின்டரைப் பத்தித்தானே இவ்வளவு நேரமா பேச்சு?

ரிங்_பூஜ்யம்:
கேகோர் கெர்னலுக்குள்ள இருக்கிற கோடுக்கு உதவாது. ரூட் (நிர்வாகி அனுமதி) வேணும், லாக்டவுன் (கெர்னல் பூட்டு) கான்ஃபிடென்ஷியாலிட்டி நிலையில் இருந்தா அதுவும் திறக்காது. நான் திரும்பத் திரும்பச் சொல்றது ஒண்ணே ஒண்ணு. பக்கம் இருக்கான்னு கேட்டுட்டுப் படிக்கிறது ரேஸ் (நடுவில் நிலைமை மாறிடலாம்). மத்ததெல்லாம் திசை திருப்பல்.

நீலத்திரை_நேசன்:
நானும் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். அன்னைக்கு, அந்த முகவரிக்கு, ஆமாமா இல்லையா?

சும்மா_வந்தவன்:
விண்டோஸ் 8.1-லிருந்து எம்எம்-காப்பி-மெமரி இருக்குன்னு பார்த்தேன். தப்பான முகவரின்னா விழாம ஸ்டேட்டஸ் கோட் தருமாம். நேசன் சார், அதைப் பயன்படுத்தினா உங்க வரிக்கு அவசியமே வராதே? ஆனா எங்க கிளையன்ட் இன்னும் 7-ல் இருக்காங்க. அவங்களுக்கு என்ன வழி?

நீலத்திரை_நேசன்:
7-ன்னா எம்எம்-இஸ்-அட்ரஸ்-வேலிட்தான் வழி, வேற என்ன. இப்பவாவது புரியுதா யார் சொன்னது நடைமுறைக்கு ஆகும்னு?

ரிங்_பூஜ்யம்:
ஆதரவே நின்னுபோன சிஸ்டத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுற நிலைமைக்கு வந்தாச்சு. தம்பி, அவர் பேச்சைக் கேட்டு அந்த வரியைப் போட்டா டம்ப் ஃபைலை இங்கதான் கொண்டு வருவீங்க. அப்ப நான்தான் பார்க்கணும். ஸ்பின்லாக் இழையில் யார் வாங்கிக் கட்டிக்கிட்டாங்கன்னு அங்க 14-ஆம் பக்கத்தில் இருக்கு, போய்ப் பாருங்க.

நீலத்திரை_நேசன்:
14-ஆம் பக்கத்தில் உங்க பதிவைத் திருத்தினது 15-ஆம் பக்கத்தில் இருக்கு. அதையும் சேர்த்துப் பார்க்கட்டும்.