பொருள்: ‘மாண்டாஜ்’ – தமிழில் என்ன எழுதுவது? வெள்ளிக்குள் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்களுக்காக, சோவியத் திரைப்பட இயக்குநர் ஐசன்ஸ்டைன் பற்றிய ஓர் அத்தியாயத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். 1898இல் ரீகாவில் பிறந்தது, கட்டடப் பொறியியல் படித்தது, செம்படையில் சேர்ந்தது, அப்புறம் நாடகம், சினிமா என்று வாழ்க்கைப் பகுதி தடையில்லாமல் வந்துவிட்டது. ‘மாண்டாஜ்’ என்ற ஒரு சொல்லிடம் வந்து மூன்று நாளாக நிற்கிறேன்.

ரஷ்ய மொழியிலும் பிரெஞ்சிலும் அதற்குப் படத்தொகுப்பு என்பதே பொதுப்பொருள். நம் ஊர் சினிமாவில் மாண்டாஜ் என்றால், நாயகன் உழைத்து முன்னேறுவதை ஒரே பாட்டில் காட்டி முடிப்பது. ஐசன்ஸ்டைன் சொல்வது வேறு. இரண்டு ஷாட்டுகள் மோத வேண்டும். இரண்டிலும் இல்லாத ஒரு கருத்து பார்ப்பவர் மனத்தில் பிறக்க வேண்டும். 1925இல் வந்த ‘வேலைநிறுத்தம்’ படத்தின் முடிவில், தொழிலாளர்கள் கொல்லப்படுவதும் காளை ஒன்று அறுக்கப்படுவதும் மாறி மாறி வரும். இதைத் ‘தொகுப்பு’ என்று எழுதினால் மாணவர் மனத்தில் கத்தரியும் பசையும்தான் நிற்கும். உதவுங்கள்.

– இரா., திருச்சி

*

தம்பி, விடை நன்னூலிலேயே இருக்கிறது. தொகை ஆறு. ஆறாவது அன்மொழித்தொகை. ‘பொற்றொடி வந்தாள்’ என்கிறோம். வந்தது பொன்னும் இல்லை, தொடியும் இல்லை. அதை அணிந்த பெண். அவளைக் குறிக்கும் பெயர் அந்தத் தொடரிலேயே கிடையாது, ஆனாலும் கேட்டவுடன் அவள்தான் நம் கண்முன் வருகிறாள்.

ஐசன்ஸ்டைன் 1920இல் ஜப்பானிய மொழி கற்கத் தொடங்கியவர். 1929இல் எழுதிய கட்டுரையில் அந்த எழுத்துகளைத்தான் சான்றாக வைக்கிறார். கண்ணும் நீரும் சேர்ந்தால் அழுகை. நாயும் வாயும் சேர்ந்தால் குரைப்பு. கத்தியும் நெஞ்சும் சேர்ந்தால் துயரம். இது அப்படியே அன்மொழித்தொகை அல்லவா? ‘அன்தொகை’ என்று சுருக்கி எழுதுங்கள்.

– ந., மதுரை

*

ஐயா, ‘அன்தொகை’ புணர்ச்சியில் நிற்காது. அன்மொழியில் இருப்பது ‘அல்’. மகரம் வந்ததால் லகரம் னகரமானது. தகரம் வந்தால் அல் + திணை அஃறிணை ஆனதுபோல, அல் + தொகை அஃறொகை என்றுதான் ஆகும். பொருளும் கெடுகிறது: ‘தொகை அல்லாதது’ என்றாகிவிடும்.

எனக்குப் பிடித்தது ‘பிணையல்’. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் பிண்டியும் பிணையலும் வருகின்றன. ஒற்றைக் கை காட்டுவது பிண்டி, இரு கையும் இணைந்து காட்டுவது பிணையல். ஒரு கையால் சொல்ல முடியாததை இரண்டு கை சேர்ந்து சொல்கிறது. ‘பிணா’ என்ற பெண்பால் சொல்லுக்கும் ‘பிணை’க்கும் உறவு உண்டா என்று நெடுநாளாகத் தேடிவருகிறேன். அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

– கு., கோவை

*

அது சுருக்கம், கு. அன்மொழித்தொகையின் தலையும் காலும். புணர்ச்சி விதியை அங்கே கொண்டுவர வேண்டாம்.

– ந., மதுரை

*

எடிட்டிங் அறையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். இரண்டு ஐயாக்களும் மன்னிக்க வேண்டும். அஃறொகை என்று சொன்னால் எங்கள் அறையில் யாருக்கும் எதுவும் புரியாது. பாடம் படித்துவிட்டு அந்தப் பிள்ளைகள் எங்களிடம்தான் வேலைக்கு வருவார்கள். பிணையல் என்றாலும், பள்ளியில் வேதியியலில் படித்த ‘பிணைப்பு’தான் நினைவுக்கு வரும்.

பொருளாகப் பார்த்தாலும் பிணையல் தவறு என்பது என் எண்ணம். ஷாட்டுகளைச் செங்கல் செங்கலாக அடுக்கிப் பிணைப்பது இன்னொரு சோவியத் இயக்குநரான புடோவ்கினின் கொள்கை. அதை மறுத்துத்தான் ‘பிணைப்பு இல்லை, மோதல்’ என்றார் ஐசன்ஸ்டைன். எதிராளியின் சொல்லை எடுத்து அவருக்குப் பெயராக வைக்கலாமா? தனிமடலில் ஒருவர் ‘தொடுப்பு’ என்றார். அந்தச் சொல்லுக்கு ஊரில் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். வகுப்பில் வாயெடுக்க முடியாது.

என் ஓட்டு ‘மாண்டாஜ்’. அப்படியே விடுங்கள்.

– செ., சென்னை

*

அக்கா, நாங்கள் இங்கே ‘மொன்ராஜ்’ என்றுதான் எழுதுகிறோம். ஆகவே ஒலிபெயர்ப்பிலும் நமக்குள் ஒரு முடிவு இல்லை.

தொகை வழியில் போனால் இன்னொரு சிக்கல் வரும். 1928இன் ‘அக்டோபர்’ படத்தில், ரஷ்ய இடைக்கால அரசின் தலைவர் கெரென்ஸ்கியையும் இயந்திர மயிலையும் அடுத்தடுத்து வைக்கிறார். அது நேரான உவமை. அதை உவமைத்தொகை என்றும், காளை அறுப்பதை அன்மொழித்தொகை என்றும் பிரித்துக்கொண்டே போவதா?

சொல்லிலக்கணத்தை விட்டு யாப்புக்கு வாருங்கள். அடியோடு அடியைத் தொடுப்பது தொடை. சொல்லாலோ பொருளாலோ மாறுபடத் தொடுத்தால் முரண்தொடை. மோதலும் இருக்கிறது, தொடுத்தலும் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் படித்த சொல்லாகவும் இருக்கிறது. ‘தொடை’ தனியாக நின்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள், சரி. ‘முரண்’ முன்னால் நின்றால் சிரிக்க மாட்டார்கள்.

– யோ., யாழ்ப்பாணம்

*

முரண்தொடை எனக்குச் சரி. முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் மாண்டாஜ் என்று போட்டுவிடுங்கள்.

– செ., சென்னை

*

பிணையலை விடுவதில் வருத்தம்தான். இருந்தாலும் முரண்தொடை பழுதில்லை.

– கு., கோவை

*

நான் உடன்படவில்லை. ஐசன்ஸ்டைனின் ‘பொட்டெம்கின்’ படத்தின் சிங்கங்களை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். ஒடெஸா படிக்கட்டில் மக்களைச் சுட்டுத் தள்ளியபின் கப்பல் பீரங்கி முழங்குகிறது. உடனே மூன்று கற்சிங்கங்கள்: ஒன்று உறங்குகிறது, ஒன்று விழித்திருக்கிறது, ஒன்று எழுகிறது. அலுப்கா அரண்மனையில் இருக்கும் மூன்று தனித்தனிச் சிலைகள் அவை. அடுத்தடுத்து ஒட்டியதும் ஒரே சிங்கம் சினந்து எழுவதுபோல் ஆகிறது. அங்கே எது எதோடு முரண்படுகிறது? எந்தச் சிலையிலும் இல்லாத ஓர் எழுச்சி பிறக்கிறது, அவ்வளவுதான்.

குறுந்தொகையில் கபிலரின் தலைவி சொல்வதையும் பாருங்கள். அவன் மணந்த அன்று வேறு யாரும் இல்லை. ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்து நிற்கும் குருகு மட்டும் இருந்தது என்கிறாள். சாட்சி சொல்ல ஆளில்லை என்ற தவிப்பு அந்தக் கொக்கை வைத்ததால் பிறக்கிறது. முரண் என்று இதற்குப் பெயர் சொல்ல முடியுமா? மோதல் என்பது அவர் கையாண்ட வழி. அந்த வழியால் பிறக்கும் மூன்றாவது பொருளுக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

– ந., மதுரை

*

எல்லோருக்கும் நன்றி. ஆறு மணிக்குப் பக்கங்களை அனுப்பிவிட்டேன். காளை, மயில் வரும் இடங்களில் முரண்தொடை என்று போட்டிருக்கிறேன். மயிலுக்கு அது பொருந்துமா என்ற ஐயம் எனக்கும் உண்டு. ஜப்பானிய எழுத்துகள் வரும் பத்தியில், ந. ஐயா சொன்ன பொற்றொடியை அடிக்குறிப்பாகச் சேர்த்தேன். சிங்கங்கள் வரும் பக்கத்தில் மட்டும் முரண்தொடை என்று எழுதக் கை வரவில்லை. அங்கே மாண்டாஜ் என்றே விட்டுவிட்டேன். மெய்ப்பு திங்களன்று வரும். அதற்குள் யாருக்காவது வேறு சொல் கிடைத்தால் எழுதுங்கள்.

– இரா., திருச்சி